அட்டை இல்லாத புத்தகத்து அப்பா

1

இந்த ஊர் நூலகத்தில் சேர முகவரிக்குச் சான்று கேட்டார்கள். மின்சார பில், கேஸ் பில், ஏதாவது ஒன்று போதும் என்றார் மேசைக்குப் பின்னால் இருந்த பெண். எங்கள் வீட்டுக்கு வரும் பில்கள் எல்லாம் என் மனைவி மெர்சியின் பெயரில் வருகின்றன. அவள் இங்கே மருத்துவமனையில் நர்ஸ். வேலை கிடைத்தது அவளுக்கு. நான் கூட வந்தவன். குடியேற்றத் துறையின் தாள்களில் எனக்கு 'சார்ந்திருப்பவர்' என்று பெயர். ஆம்பூரில் நான் ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபர். இங்கிலாந்தின் நடுவில் இருக்கும் இந்தச் செருப்புத் தொழில் ஊரில், ஓர் அச்சகத்தில் கடைகளின் விளம்பரத் தாள்களுக்குப் பிழை திருத்துகிறேன்.

குடியேற்றத் துறையின் தாள்களில் இன்னொன்றும் நடந்தது. இனிஷியலை விரித்து எழுதுங்கள் என்றார்கள். எழுதினேன். அன்று முதல் நான் இந்த நாட்டில் மிஸ்டர் தேவதாஸ். அது என் அப்பாவின் பெயர். குடியாத்தத்தைத் தாண்டாமலே வாழ்ந்து முடித்த மனிதருக்கு இங்கே வாரம் இரண்டு கடிதங்கள் வருகின்றன. ஆம்பூரில் ஒருவனை அப்பன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அடுத்தது கைகலப்புதான். இங்கே அதற்குப் பெயர் மரியாதை.

மெர்சி மிஸஸ் தேவதாஸ். அவளுடைய அப்பாவின் பெயர் ஆரோக்கியசாமி. அந்தப் பெயர் இந்த நாட்டில் எந்த அலுவலகத்திலும் இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை, அவர் இறந்த வாரத்தில், கோவிலில் அவருக்காகப் பூசை வைக்கிறோம். அப்போது மட்டும் அறிவிப்புத் தாளில் வருகிறது. ஐரிஷ்காரப் பாதிரியார் அதைப் படிக்கும் விதத்தைக் கேட்டால், இறந்தவர் இத்தாலிக்காரர் என்று தோன்றும்.

இந்த வருஷம் அந்த வாரத்திலேயே நூலகத்தின் வாசிப்புக் கூட்டமும் வந்தது. மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. பத்துப் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் பெண்கள், பிஸ்கட், தேநீர். ஓய்வு பெற்ற ஆசிரியை ஜோன் நடத்துகிறார். நானும் மெர்சியும் போன வருஷம் முதல் போகிறோம். இந்த மாதம் எடுத்த நாவலில் ஓர் அப்பா பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிறார். பல வருஷம் கழித்துத் திரும்பி வருகிறார். தேநீர் ஆறுவதற்குள் எல்லோரும் அவரை மன்னித்துவிட்டார்கள். அவர் காலம் அப்படி, அவருக்கும் உள்ளே என்ன வேதனையோ, பாவம்.

அங்கே அதிகம் பேசாத மெர்சி வாயைத் திறந்தாள்.

"இவ்வளவு சீக்கிரம் மன்னிக்கக் கூடாது," என்றாள் ஆங்கிலத்தில். "எங்கள் ஊரில் முதலில் ரிஜெக்ட் போடுவோம்."

ஜோன் கோப்பையைக் கீழே வைத்தார்.

2

ரிஜெக்ட் போடுவது என்ன என்பது ஆம்பூர்க்காரர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் ஆம்பூரில் எலிசபெத் டீச்சரின் வகுப்பறையில் வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் ஒரு கூட்டம் நடந்தது. தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்கு, எங்கள் ஊர்ப் பேச்சில் ஷாப்புகளுக்கு, வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் அந்த நாள். ஒருவர் சத்தமாகப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். பாதிப் பேருக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும் என்பதால் அந்த ஏற்பாடு. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்திருப்போம்.

இதைப் பற்றி ஒரு சின்னச் செய்தி எழுதத்தான் நான் முதலில் போனேன். எழுதி, கவரில் போட்டு, வேலூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினேன். பத்திரிகையில் வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் போனேன். வராத செய்திக்காக நான் மறுபடி நடந்து போனது அது ஒன்றுக்குத்தான்.

காதர் பாய் ஒரு ஷாப்பில் செலக்‌ஷன் மாஸ்டர். வரும் தோலை வெளிச்சத்தில் விரித்து, முள் கீறல், உண்ணி கடித்த இடம், சூட்டுத் தழும்பு எல்லாம் பார்த்து ஃபர்ஸ்ட், செகண்ட், ரிஜெக்ட் என்று ரகம் பிரிப்பது அவர் வேலை. ஒரு நாள் டீச்சர் ஒரு கதையை முடித்துவிட்டு, "இந்தக் கதாநாயகனைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டார். வகுப்பில் கேட்கும் கேள்வி.

"இன்னா நெனைக்கிறது டீச்சர்," என்றார் காதர் பாய். "செகண்டு. முதுகு நல்லாத்தான் இருக்குது. வயித்துப் பக்கம் பூரா ஓட்டை."

வகுப்பறை சிரிப்பில் அதிர்ந்தது. அன்றிலிருந்து அது வழக்கமானது. கதை முடிந்ததும் ஒவ்வொரு ஆளுக்கும் ரகம். கை தூக்கச் சொல்லி, கரும்பலகையில் பெயருக்கு எதிரே டீச்சர் எழுதுவார். திங்கட்கிழமை காலையில் பிள்ளைகள் அழிக்கும் வரை அது அப்படியே இருக்கும். "டீச்சர், ரிஜெக்ட்னா இன்னா டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டதாம். "வீட்டுப்பாடம் எழுதாதவங்க," என்றாராம் டீச்சர்.

விதி ஒன்றுதான். ரகம் சொல்பவர் காரணம் சொல்ல வேண்டும். காரணம் கதையில் இருந்து மட்டும் வரக் கூடாது. "எங்க மாமியா இப்படித்தான்", "நான் இத மாதிரி ஒரு தடவ செஞ்சேன்" என்று தன் வீட்டிலிருந்து ஒன்றைக் கொண்டு வந்து வைக்க வேண்டும். அப்படி வைத்து வைத்து, ஒருவர் வீடு இன்னொருவருக்குத் தெரிந்துவிட்டது. ஷாப்பில் தோல் ஊறும் டிரம் ஓட்டும் கோவிந்தன், சோளிங்கர் பக்கம் ஒரு கிராமத்துக்காரர், தன் அண்ணனோடு ஆறு வருஷமாகப் பேச்சில்லை என்பதை ஒரு கதைக்கு ரகம் சொல்லும்போதுதான் முதலில் சொன்னார். சொல்லி முடித்து, "அட, தப்பு எம்மேலயும் கீது போல," என்று தானே ஆச்சரியப்பட்டார். அண்ணனைப் பார்க்கப் போனாரா என்பது எனக்குத் தெரியாது.

மெர்சி மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து யூனிஃபார்மோடு வருவாள். தன் வீட்டைப் பற்றி அவள் கொண்டு வந்து வைத்தது ஒரே விஷயம்தான். "எங்கப்பா செத்துட்டார். எங்கம்மாதான் வளத்தாங்க." அந்த அம்மாவும் சில வருஷம் முன்னால் இறந்திருந்தார். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

3

பழைய புத்தகக் கட்டு ஒன்றில் டீச்சருக்கு ஒரு நாவல் கிடைத்தது. யாரோ வாரப் பத்திரிகைத் தொடரை வாரவாரம் கிழித்து பைண்டு செய்தது. அட்டை இல்லை, முதல் சில பக்கங்களும் இல்லை. தலைப்பும் எழுதியவர் பெயரும் இன்றுவரை எனக்குத் தெரியாது. எங்களுக்கு அது 'அட்டை இல்லாத புத்தகம்'.

அதில் ஓர் அப்பா ரங்கூனுக்குப் போகிறார். முதலில் பணம் அனுப்புகிறார், பிறகு நிறுத்துகிறார். மகள் வளர்கிறாள். கடைசியில் இருமிக்கொண்டு திரும்பி வந்து வாசலில் நிற்கிறார். மகள் கதவைத் திறக்கிறாளா இல்லையா என்பதைச் சொல்லாமலே கதை முடிந்துவிடும். பக்கம் கிழிந்து போனதா, எழுதியவரே அப்படி விட்டாரா என்று பெரிய சண்டை நடந்தது.

அந்த அப்பாவுக்கு ரகம் போட ஒரு நிமிஷம் ஆகவில்லை.

"இந்த ஆளு தோலே இல்ல, சவ்வு," என்றார் கோவிந்தன்.

"உப்புப் போடாம வண்டியில ஏத்துன தோலு. நாத்தம் வேலூர் வரைக்கும் போவும்," என்றார் காதர் பாய்.

எல்லாக் கைகளும் ரிஜெக்டுக்கு உயர்ந்தன. முதலில் தூக்கிய கை மெர்சியுடையது. காரணம் சொல்ல வேண்டும் என்று டீச்சர் விதியை ஞாபகப்படுத்தினார்.

"காரணம் வேணுமா டீச்சர்? வந்து நிக்கிறானே, அதுவே காரணம். போனவன் போனவனாவே இருந்திருக்கணும்," என்றாள். தன் வீட்டிலிருந்து எதையும் கொண்டு வந்து வைக்கவில்லை. யாரும் வற்புறுத்தவில்லை. அப்பா இல்லாத பெண் என்று விட்டுவிட்டோம்.

4

பிறகு மழைக்காலத்தில், கல்கத்தாவில் தோல் வேலை செய்துவிட்டு விடுமுறைக்கு வந்த ஒருவர் ஆஸ்பத்திரியில் மெர்சியைத் தேடி வந்தார். அவள் எனக்குப் பின்னால் சொன்னது இது. அவள் வார்டில் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறாள். வந்தவர் வாசலில் நின்றபடியே சொல்கிறார்.

"உங்கப்பா அங்கதான் கீறார்மா. தோல் சீவுற மெஷின்ல இருந்தாரு. இப்ப முடியல. ஊருக்கு வரட்டுமான்னு கேக்கச் சொன்னாரு. நான் கிளம்புறதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லு."

அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது போனவர். இறந்துவிட்டார் என்பது அம்மா ஊரில் சொல்லி வைத்த கதை. ஓடிப்போனவன் பெண்டாட்டி என்பதைவிட விதவை என்பது அந்த அம்மாவுக்கு லேசாக இருந்திருக்கிறது. மெர்சிக்கு உண்மை தெரியும். ஆனாலும் பள்ளியிலும் நர்சிங் படிப்பிலும் திரும்பத் திரும்பச் சொல்லி, அவளுக்கே அது பாதி நம்பிக்கையாகிவிட்டிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை வேறொரு புத்தகம் பாதியில் இருந்தது. மெர்சி உட்காரவில்லை.

"டீச்சர், அந்த அட்டை இல்லாத புத்தகம். அந்த அப்பாவுக்கு மறுபடி ரகம் பாக்கணும்."

"அது முடிஞ்சு போச்சேம்மா. போர்டுல எழுதி அழிச்சாச்சு."

"முடியல டீச்சர்."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் காதர் பாயைப் பார்த்தேன். காதர் பாய் தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

"எங்க வேலையில அது உண்டு டீச்சர். ஈரத்துல ஒரு தடவ பாப்போம். பதம் பண்ணி காஞ்சப்புறம் இன்னொரு தடவ. முதல்ல போட்ட மார்க்க பாக்கக் கூடாது. ஈரத்துல ஃபர்ஸ்ட்டுன்னு வெச்சது காஞ்சா பேஜாராயிடும். ரிஜெக்ட்ல எறிஞ்சது சில நேரம் மேல ஏறும். நம்ம அந்தாளுக்கு ஒரு தடவதானே பாத்தோம்?"

"அவன் செஞ்சது காஞ்சா மட்டும் மாறிடுமா பாய்?" என்றார் கோவிந்தன்.

"மாறாது. எவ்ளோ ஆழம்னு தெரியும்."

அப்பா வரும் அத்தியாயங்களை மட்டும் மறுபடி படித்தோம். முதல் முறை வேகமாகக் கடந்த இடங்களில் இப்போது ஒவ்வொருவரும் நிறுத்தச் சொன்னார்கள். பணம் வராமல் நின்ற வருஷம் அவருக்கு அங்கே வேலை இருந்ததா? கதை சொல்லவில்லை. ஊருக்கு வரும் ஒருவனிடம் மகளுக்கு ரிப்பன் வாங்கிக் கொடுத்தனுப்பினாரே, அது போய்ச் சேர்ந்ததா? அதையும் சொல்லவில்லை. "ரிப்பன் குடுத்துட்டா ஆச்சா?" என்றார் கோவிந்தன். "ரிப்பனாலதான் பொண்ணு வளந்துச்சா?"

"எங்கப்பா சாகல," என்றாள் மெர்சி.

கரும்பலகைப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். பிறகு கல்கத்தா, சீவுற மெஷின், வாசலில் நின்றவர், எல்லாவற்றையும் வார்டில் அடுத்த நர்ஸிடம் பொறுப்பு ஒப்படைக்கும் குரலில் சொன்னாள்.

கோவிந்தன் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார். "அய்யோ, அப்ப நான் சவ்வு அது இதுன்னு..."

"நானுந்தானே அண்ணே கை தூக்குனேன். எனக்குத் தெரிஞ்சே தூக்குனேன்."

இனி என்ன செய்வது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அதுதான் அந்தக் கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கதையில் வரும் ஆளுக்கு ரகம் போடலாம். பெஞ்சில் இருக்கும் ஆளுக்குக் கிடையாது. டீச்சர் மட்டும், "அந்தப் பொண்ணு கதவத் திறந்தாளா இல்லையான்னு புத்தகத்துல இல்லம்மா. கிழிஞ்சதோ என்னவோ," என்றார்.

"திறந்துட்டு அப்புறம் ரகம் பாக்கலாம் இல்ல டீச்சர்?" என்றாள் மெர்சி. "வெளியில நிக்க வெச்சா எப்படிக் காயும்?"

மறுநாள் கல்கத்தாக்காரரிடம் சொன்னாள். "வரச் சொல்லுங்க. மீதி அப்புறம்."

5

ஆரோக்கியசாமியை அழைத்துவர ரயில் நிலையத்துக்கு மெர்சி என்னைக் கூப்பிட்டாள். ஏன் என்னை என்று நான் கேட்கவில்லை. சில மாதம் கழித்து எங்கள் கல்யாணப் பேச்சு நடந்தபோது புரிந்தது. மெயிலில் காட்பாடி வந்து, அங்கிருந்து பாசஞ்சரில் வந்து இறங்கினார். மெலிந்த மனிதர். வலது கையில் கட்டைவிரல் நகம் இல்லை. மகளைப் பார்த்ததும் கும்பிட்டார். "சார்" என்று என்னையும் கும்பிட்டார். மெர்சி பெட்டியை வாங்கிக்கொண்டாள். முன்னால் நடந்தாள்.

வீட்டில் சோறு போட்டாள், மருந்து கொடுத்தாள், நாடி பார்த்தாள். அப்பா என்று கூப்பிடவில்லை. 'இந்தாங்க' என்பாள். அவரும் எதுவும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அவள் பின்னாலேயே வந்து, கதவுக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்பார். நாங்கள் ரகம் போடும்போது ஒருமுறை குரல் கொடுத்தார். "அந்தாளுக்கு செகண்டு குடுங்க பாய், போதும். நம்ம சனங்க காலுக்கு அதுலதானே செருப்பு தெக்கிறாங்க?" காதர் பாய்க்கு அவரை அன்றே பிடித்துவிட்டது. தோஸ்த் என்று கூப்பிட ஆரம்பித்தார்.

எங்கள் கல்யாணம் முடிந்த பிறகு ஒரு நாள் அவர் டீச்சரிடம் கேட்டார். "நீங்க ஏதோ அட்டை இல்லாத புத்தகம்னு பேசிக்கிறீங்களே. நான் கேட்டதில்ல. படிக்கிறீங்களா?"

டீச்சர் மெர்சியைப் பார்த்தார். அவள் சரி என்று தலையை ஆட்டினாள்.

பல வாரம் ஓடியது. ரங்கூன், பணம் நின்றது, ரிப்பன், இருமல், வாசல். அவர் ஒருமுறையும் குறுக்கே பேசவில்லை. கேட்டு முடித்த அன்று டீச்சர் கையில் சாக்பீஸை வைத்துக்கொண்டு நின்றார். கேட்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. ஒரு கையும் எழும்பவில்லை.

ஆரோக்கியசாமி எழுந்தார். "ரிஜெக்ட் போடுங்க டீச்சர்."

"காரணம் சொல்லணும்," என்று டீச்சர் பழக்கத்தில் சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"பணம் நின்ன வருஷம் அவனுக்கு வேலை இருந்துச்சு டீச்சர். புத்தகத்துல எழுதல. எனக்குத் தெரியும்."

மெர்சி பெஞ்சிலிருந்து எழுந்து போய், டீச்சர் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி, கரும்பலகையில் 'அப்பா' என்று எழுதினாள். அதற்கு எதிரே 'செகண்ட்' என்று எழுதினாள்.

"அவன் பண்ணதுக்கு அது ஜாஸ்திம்மா," என்றார் அவர்.

"ஜாஸ்தியோ கம்மியோ, போட்டாச்சுப்பா. உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். காதர் பாய் மூக்கைச் சிந்திவிட்டு, "டீ ஆறுதுய்யா," என்றார். டீ இன்னும் வந்திருக்கவில்லை.

அதன் பிறகு நான்கு வருஷம் எங்களோடு இருந்தார். எங்கள் மகள் அனிதாவைத் தோளில் வைத்துக்கொண்டு தேர் பார்க்கப் போனார். நாங்கள் இங்கே வருவதற்கு முந்தைய வருஷம் இறந்தார். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் மெர்சி ஒரே வாக்கியம்தான் சொல்கிறாள். "எங்கப்பா விட்டுட்டுப் போனார், திரும்பி வந்தார்." நிருபராக நான் கவனித்தது இதுதான்: இரண்டில் ஒன்றை விட்டுவிட்டு அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

6

இதையெல்லாம் மெர்சி நூலகத்தில் சொல்லவில்லை. தோலுக்கு ரகம் பார்ப்பதையும், இரண்டு முறை பார்ப்பதையும், எங்கள் கரும்பலகையையும் மட்டும் சொன்னாள். ஜோன் யோசனையோடு கேட்டார். மூலையில் இருந்த ரெக் என்ற கிழவர், இந்த ஊர்த் தொழிற்சாலையில் நாற்பது வருஷம் தோல் வெட்டியவர், அந்தக் கூட்டத்தில் முதல்முறையாக நிமிர்ந்தார். "காய்ந்த பிறகு பார்ப்பதுதான் சரி," என்றார். "அவசரக்காரர்களிடம் நான் கத்தியைக் கொடுக்கவே மாட்டேன்." பிறகு தன் தம்பியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். பிஸ்கட் தீர்ந்த பின்னும் கூட்டம் கலையவில்லை.

நூலக மாடியில் பள்ளிப் பாடம் எழுதிக்கொண்டிருந்த அனிதா இறங்கி வந்து கடைசிப் பகுதியைக் கேட்டிருக்கிறாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். ஊரைப் பற்றிக் கேட்க மாட்டாள்; தாத்தாவின் தோள் ஞாபகமில்லை, அவரைப் பற்றி அம்மா சொல்லும் அந்த ஒரு வாக்கியம் மட்டும் தெரியும். வீட்டுக்கு நடந்து வரும்போது தூறல். எங்கள் மூவருக்கும் ஒரே குடை.

"தாத்தா கெட்டவரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"செகண்ட்," என்றாள் மெர்சி.

"அப்படியென்றால்?"

மெர்சி நடந்தபடியே சொன்னாள். ரங்கூன், கல்கத்தா, கரும்பலகை, நகமில்லாத விரல், எல்லாம், தமிழில். முதல்முறையாக இடையில் 'இங்கிலீஷில் சொல்லும்மா' என்ற குறுக்கீடு வரவில்லை. வீட்டு வாசலில் சாவியைத் தேடும்போது அனிதா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"அப்படியானால் டாடி?"

மெர்சியும் என்னைப் பார்த்தாள். குடை என்னை எட்டவில்லை. ஒரு தோள் முழுக்க நனைந்திருந்தது.

"ஈரமா இருக்கார்," என்றாள். "காயட்டும்."

இந்த நாட்டில் துணியே இரண்டு நாளைக்குக் காய்வதில்லை. அனிதா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "உள்ள வாங்கப்பா," என்றாள், தமிழில்.